விதிவிலக்குக்கு எந்த பட்டன்?

வகுப்பறையில் ஓர் ஆசிரியர் எடுக்கும் முடிவுகளில் பாதி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நோட்டு கொண்டுவராத பிள்ளையிடம் "சரி, நாளைக்குக் கொண்டு வா" என்று சொல்வது ஒரு முடிவு. மறுநாளும் அவள் கொண்டுவராதபோது கேட்காமல் விட்டுவிடுவது இன்னொரு முடிவு. அதே பீரியடில் வேறொருவனை எழுப்பி நிறுத்தி "எங்கேடா நோட்டு?" என்று கேட்பதும் முடிவுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பாரபட்சமாகத் தெரியும். அந்தப் பெண்ணின் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதும், இவன் நேற்று சாயங்காலம் முழுக்க மைதானத்தில் இருந்தான் என்பதும் எனக்குத் தெரியும். அவ்வளவுதான் விஷயம். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பு இப்படித்தான் ஓடுகிறது.

இந்த ஓட்டத்துக்கு நடுவில் பள்ளிக்கு ஒரு மென்பொருள் வந்து சேர்கிறது. சுற்றறிக்கையில் அதன் பெயர் மெய்நிகர் கற்றல் சூழல். ஸ்டாஃப் ரூமில் 'எல்.எம்.எஸ்.' என்போம், கோபம் வந்தால் 'அந்தத் தளம்'. பிள்ளைகளுக்கு அது வெறும் 'ஆப்'. பாடக்குறிப்பு போடுவது, வீட்டுப்பாடம் வாங்குவது, தேர்வு வைப்பது, மதிப்பெண் ஏற்றுவது, பெற்றோருக்குச் செய்தி அனுப்புவது என எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும் என்பது வாக்குறுதி. வாக்குறுதி பொய்யில்லை. வேறு வேறு பெயர்களில், வேறு வேறு நிறங்களில் பல ஆண்டுகளாக இவற்றோடு குடித்தனம் நடத்திவருபவள் நான். பெரிய எதிரி என்று என்னைச் சொல்ல முடியாது. எனக்கிருப்பது ஒரே ஒரு வழக்கு. விதி வைக்க இவற்றில் இடம் தாராளமாக இருக்கிறது. விதிவிலக்கு வைக்க இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கெடு தேதியையே எடுத்துக்கொள்வோம். மூடுல் என்ற கற்றல் தளத்தில் ஓர் ஒப்படைப்பை உருவாக்கும்போது இரண்டு தேதிகள் வைக்கலாம். முதலாவது கெடு தேதி. அது தாண்டினாலும் பிள்ளை பதிவேற்றலாம், ஆனால் இவ்வளவு நேரம் தாமதம் என்று பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு விழும். இரண்டாவது, கதவை அடைக்கிற தேதி. அதற்குப் பிறகு யாரும் எதையும் தர முடியாது, ஆசிரியர் தனியாக நீட்டிப்பு கொடுத்தால்தான் உண்டு. யோசித்துச் செய்த ஏற்பாடுதான். ஆனால் எந்தப் பயிற்சியிலும் இந்த வித்தியாசத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உதவிப் பக்கத்தை ராத்திரியில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேருக்கு இரண்டும் ஒன்றுதான் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. அதனால் ஒருவர் வகுப்பில் மூன்று வாரம் கழித்தும் பதிவேற்றலாம், பக்கத்து வகுப்பில் ஒரு நிமிடம் தாண்டினால் கதவு அடைபட்டுவிடும். பிள்ளைகள் இதை ஆசிரியரின் குணம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். "அந்த சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்பார்கள். அந்த சார் பாவம், ஒரு பெட்டியில் டிக் எடுக்காமல் விட்டவர்.

நேரத்திலும் ஒரு கூத்து உண்டு. சில தளங்கள் கெடு நேரமாகத் தாமாகவே 00:00 என்று போட்டுக்கொள்ளும். வெள்ளிக்கிழமை 00:00 என்றால் வியாழன் ராத்திரியோடு சரி. பிள்ளைகள் எல்லோரும் அதை வெள்ளிக்கிழமை ராத்திரி என்றுதான் படிப்பார்கள், அவர்களின் பெற்றோரும் அப்படித்தான். 23:59 என்று மாற்றி வைப்பது இப்போது எனக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது.

தாமதம் என்ற குறிப்புக்கு இரண்டு நிமிடமும் ஒன்றுதான், இரண்டு வாரமும் ஒன்றுதான். நிறம் ஒரே சிவப்பு. எத்தனை நிமிடம் என்று பக்கத்தில் எழுதியிருக்கும், ஆனால் ஆண்டு இறுதியில் தொகுத்து எடுக்கும் அறிக்கையில் அந்த விவரம் காணாமல் போய், 'தாமதம்' என்ற எண்ணிக்கை மட்டும் மிஞ்சும். என் வகுப்பில் ஒரு பெண், அண்ணனோடு ஒரே கைபேசியைப் பகிர்ந்துகொள்பவள். அண்ணன் படித்து முடித்து அவள் கைக்கு அது வரும்போது ராத்திரி பத்தரை ஆகிவிடும். அவளுடைய சமர்ப்பிப்புகள் எல்லாம் பதினொன்றே முக்காலுக்கு, பன்னிரண்டு ஐந்துக்கு என்று வரும். நோட்டில் எழுதிய காலத்தில் அவளுக்கு இந்தப் பிரச்சினை இருந்திருக்காது, காலையில் மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பாள். பார்த்துப் பார்த்து, அவளுக்கு மட்டும் தனியாகக் கெடுவை நீட்டித்துக் கொடுத்தேன். தேடினால் அதற்கும் வழி இருக்கிறது. மறுநாள் வகுப்புக்குள் நுழையும்போதே ஒரு குரல்: "மிஸ், அவளுக்கு மட்டும் ஏன் புதன்கிழமைன்னு காட்டுது?" நால்வர் தங்கள் திரைகளை அவள் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. அன்று மாலை எல்லோருக்குமே கெடுவைப் புதன்கிழமையாக மாற்றிவிட்டேன். எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டிய ஒன்றுக்கு அந்த மென்பொருளில் இடமில்லை. அது ஒரு தேதியாக மாறி, தேதி திரையில் தெரிந்துவிடுகிறது.

மதிப்பெண் ஏடு இதைவிட நுட்பமான ஆள். மூடுலில் காலியாக இருக்கும் மதிப்பெண்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் இயல்பான ஏற்பாடு. பத்து ஒப்படைப்புகளில் ஒன்றை மட்டும் செய்து 90 வாங்கிய பிள்ளைக்கு மொத்தமும் 90 சதவீதம் என்று காட்டும். பத்தையும் செய்து ஏழெட்டில் சறுக்கியவன் 72-இல் நிற்பான். அந்த டிக்கை எடுத்துவிட்டாலோ இன்னும் திருத்தப்படாத தாள்களும் பூஜ்யமாகி, நன்றாகப் படிக்கும் பிள்ளையின் வீட்டிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வரும். இரண்டு ஏற்பாட்டுக்கும் நியாயம் உண்டு. திருத்தாத தாள் வேறு, தராத தாள் வேறு, காய்ச்சலில் படுத்திருந்ததால் தராத தாள் இன்னும் வேறு. ஆசிரியரின் பழைய மதிப்பெண் நோட்டில் இந்த மூன்றுக்கும் தனித்தனிக் குறி இருந்தது. ஒரு கோடு, ஒரு வட்டம், பென்சிலில் ஒரு புள்ளி. கட்டத்துக்குள் எண் மட்டும்தான் போகும் என்ற நிலையில் அந்தப் புள்ளியை எங்கே வைப்பது?

இதெல்லாம் ஏன் இப்படி என்று யோசித்தால், இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை பள்ளிக்கூடத்தில் பிறந்தவை அல்ல என்பது நினைவுக்கு வருகிறது. கணினி வழியே பாடம் சொல்லித்தர இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்ஸர் 1960-இல் தொடங்கியதுதான் பிளேட்டோ. அதில் 1973 வாக்கிலேயே குறிப்புப் பலகையும் நேரலை அரட்டையும் இருந்தன, அதாவது இன்று நாம் புதுமை என்று பயிற்சியில் கைதட்டும் பல விஷயங்கள். 1990-களின் நடுவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் ஆசிரியர் மரே கோல்ட்பெர்க் உருவாக்கியது வெப்சிடி என்ற கற்றல் தளம். பிளாக்போர்டு நிறுவனம் 1997-இல் வந்தது, 2006-இல் வெப்சிடியையே வாங்கிக்கொண்டது. பெர்த் நகரின் கர்டின் பல்கலைக்கழகத்தில் அந்த வெப்சிடியைப் பராமரிக்கும் வேலையில் இருந்த மார்ட்டின் டூகியாமாஸ், அது போதாது என்று எழுதத் தொடங்கியதுதான் மூடுல். முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளிவந்தது. அவர் சிறுவயதில் ஆஸ்திரேலியப் பாலைவனப் பகுதியில், பள்ளிக்கூடமே எட்டாத தூரத்தில், வானொலி வழியே பாடம் கேட்டுப் படித்தவர். தொலைவிலிருந்து படிக்கும் பிள்ளையின் நிலைமை தெரிந்த ஒருவர் கையிலிருந்து மூடுல் வந்தது என்பதில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம் உண்டு. அதன் மன்றங்களில் யாராவது எழுதினால் அரை மணி நேரம் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு மின்னஞ்சல் போகும். உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டுப் பதறும் பன்னிரண்டு வயதுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய வரம்.

ஆனாலும் அடிப்படை பல்கலைக்கழகத்துடையதுதான். அங்கே படிப்பவர் வயதுவந்தவர். சொந்த மின்னஞ்சல், சொந்தக் கணினி, தன் கால அட்டவணை தன் கையில். கெடு தாண்டினால் பொறுப்பு அவருடையது. பள்ளியில் எனக்கு எதிரே இருப்பது ஆறாம் வகுப்பு. புதிய கல்வியாண்டின் முதல் கணினி அறைப் பீரியட் எப்படிப் போகும் என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு சிறப்புக் குறி கட்டாயம் என்று அட்மின் வைத்திருப்பார். பிள்ளைகள் அதை அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பார்கள். நோட்டு வீட்டில் இருக்கும். எழுதிக் கொண்டுவந்தவனுக்கு அது பூஜ்யமா, 'ஓ' எழுத்தா என்று அவன் கையெழுத்திலேயே தெரியாது. மூன்று முறை தப்பானால் கணக்கு பூட்டிக்கொள்ளும். திறக்கும் அதிகாரம் எனக்கில்லை, அட்மினுக்குத்தான், அட்மின் மாடியில் யாருடைய பிரிண்டரையோ சரிசெய்துகொண்டிருப்பார். மணி அடித்துவிடும். அடுத்த வாரம் பார்ப்போம் என்று கலைவோம். வாங்கிய விலைப்பட்டியலில் இந்த நாற்பது நிமிடத்தை யாரும் சேர்ப்பதில்லை.

திருத்துவதைப் பற்றி விரிவாகச் சொல்ல மனம் வரவில்லை. கைகள் நினைத்தாலே வலிக்கின்றன. தலைகீழாக வந்த படம், பக்கவாட்டில் வந்த படம், கட்டில் விரிப்பின் பூக்கள் மட்டும் தெளிவாகத் தெரிய விடை மங்கலாக இருக்கும் படம், என் கணினி திறக்க மறுக்கும் படம். ஐபோன்கள் 2017 முதல் புகைப்படங்களை எச்.இ.ஐ.சி. என்ற வடிவத்தில் சேமிக்கின்றன, அதைப் பல தளங்கள் வெகுகாலம் காட்டவே இல்லை. நோட்டு என்றால் ஒரு கட்டை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூட நாலு திருத்தலாம். திரையில் ஒவ்வொரு தாளுக்கும் திற, சுழற்று, பெரிதாக்கு, குறி, எண் போடு, சேமி, அடுத்தது. ஒரு தாளுக்கு அரை நிமிடம் கூடினாலும் ஒரு வாரத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று கணக்கு ஆசிரியர்கள் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு புலம்பிய பிறகு நல்லதைச் சொல்லாமல் விட்டால் தகாது. எனக்கு இந்தத் தளங்களில் கிடைத்த உருப்படியான பொருள் ஒன்று இருக்கிறது. அதைப் பயிற்சியில் யாரும் காட்டவே இல்லை. வினாடி வினாவின் புள்ளிவிவரப் பக்கம்.

நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். நான்கு விடைகள். ஒன்று, சூரிய ஒளி படும் பாதியில் எவ்வளவு பாகம் நமக்குத் தெரிகிறது என்பது மாறுகிறது. இன்னொன்று, பூமியின் நிழல் நிலாவின் மேல் விழுகிறது. மேகம், நிலாவின் சுழற்சி என்று மற்ற இரண்டு. பாடம் நடத்தியாயிற்று, படம் வரைந்தாயிற்று, எல்லோரும் தலையாட்டியாயிற்று. முடிவுகள் வந்தபோது வகுப்பில் பாதிக்கு மேல் பூமியின் நிழலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதுவும் யார்? மொத்த மதிப்பெண்ணில் முதல் வரிசையில் இருந்தவர்களும் சேர்த்துத்தான். கேள்வி எவ்வளவு சுலபம் என்று ஓர் எண், நன்றாகப் படிப்பவர்களையும் மற்றவர்களையும் அது பிரித்துக் காட்டுகிறதா என்று இன்னோர் எண் மூடுல் கொடுக்கும். அந்த இரண்டாவது எண் இந்தக் கேள்விக்குப் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது. அதாவது, படிக்காததால் வந்த தவறு இல்லை. எல்லோருக்குள்ளும் ஏற்கெனவே ஒரு விளக்கம் குடியிருக்கிறது, நான் சொன்னது அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டதே தவிர அதை வெளியேற்றவில்லை.

தாளில் திருத்தியிருந்தால் தவறு என்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருப்பேன். எந்தத் தவறு என்பது கண்ணில் பட்டிருக்கும், ஆனால் கூட்டிப் பார்த்திருக்க மாட்டேன். மறுநாள் ஜன்னல்களை மூடி, மேசை விளக்கைப் போட்டு, ஆளுக்கொரு வெள்ளைப் பந்தைக் கையில் கொடுத்து, தன்னைச் சுற்றித் தானே மெல்லத் திரும்பச் சொன்னேன். பந்து விளக்குக்கு எதிர்ப்பக்கம் வரும்போது தலையின் நிழல் விழாமல் கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்க வேண்டும். அங்கேதான் பாடமே இருக்கிறது. "மிஸ், நிழல் விழுந்தா அது கிரகணம்ல?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்காக அந்த மென்பொருளுக்கு நிறைய மன்னிப்பேன்.

இதே தேர்வுப் பகுதியில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து பதில் தரும் கேள்விகள் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்கிறேன். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு சேரும் கொம்பையும் காலையும் ஒரே குறியாக, அல்லது இரண்டையும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான். நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும். நாங்கள் ஒரு காலத்தில் வைத்திருந்தது அப்படிப் பார்க்கவில்லை. சரியான விடை எழுதிய பிள்ளைக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு, கீழேயே சரியான விடை என்று அதே சொல்லைக் காட்டும். பார்த்த பிள்ளைக்கு ஆசிரியர் மேலிருந்த நம்பிக்கை போகுமா, கணினி மேலிருந்ததா?

வருகைப் பதிவுகளுக்கு வருகிறேன். யார் எப்போது நுழைந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார் என்று எல்லாம் இருக்கும். முதலில் இது எனக்குப் பயன்படும் என்றுதான் நினைத்தேன், ஓரளவு பயன்படவும் செய்தது. ஒரு வாரமாக உள்ளேயே வராத பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்க முடிகிறது. சிக்கல் என்னவென்றால், திறந்தது தெரியும், படித்தது தெரியாது. கடைசி ஸ்லைடுக்குப் போனால் பாடம் முடிந்ததாகக் குறித்துக்கொள்ளும் பாடத்தொகுப்புகளில் பிள்ளைகள் அம்புக்குறியைத் தொடர்ந்து தட்டி ஒரு நிமிடத்தில் பாடத்தை முடிப்பார்கள். பச்சை டிக் விழும். தாளில் அச்செடுத்து வைத்து உட்கார்ந்து படித்தவள் 'திறக்கவில்லை' என்று சிவப்பில் நிற்பாள்.

பிள்ளைகளைக் கண்காணிக்கும் அதே பதிவு எங்களையும் கண்காணிக்கும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எல்லோருக்கும் உறைத்தது. ஒரு கூட்டத்தில் திரையில் ஒரு பட்டை வரைபடம் வந்தது. எந்த ஆசிரியர் இந்த மாதம் எத்தனை கோப்பு ஏற்றினார் என்று. உச்சத்தில் இருந்தவர் பாடப்புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாக ஸ்கேன் செய்து போட்டவர். கடைசியில் இருந்தவர் எங்கள் கணக்கு சார். அவர் தளத்தில் செய்வது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு நாள் மாலையும் அன்று கரும்பலகையில் போட்ட கணக்கை ஒரு போட்டோ எடுத்துப் போடுவார், அடியில் ஒரே ஒரு வரி: நாளைக்கு இதிலிருந்து தொடங்குவோம். பட்டியலில் அவர் கம்பி கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் பள்ளிக்கு வராத நாளில் பிள்ளைகள் முதலில் திறந்து பார்க்கிற பக்கம் அவருடையதுதான். தளத்தைச் சரியாகப் பயன்படுத்துபவர் யார் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் அவரைத்தான் சொல்வேன். கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் எல்லோரும் கூடுதலாகக் கோப்பு ஏற்றினார்கள், நானும்தான்.

மேலிருந்து கட்டளை போட்டு இதைப் பரப்ப முடியுமா என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. பிரிட்டனில் 2005-இல் வந்த அரசுத் திட்டத்தில் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் தனக்கென ஒரு கற்றல் இடம் என்பது இலக்கு. 2009 ஜனவரியில் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் போய்ப் பார்த்தபோது, இந்தத் தளங்கள் இன்னும் தொடக்க நிலையிலேயே இருந்தன. நன்றாக நடந்த இடங்களில் அதற்குக் காரணம் ஆர்வமுள்ள சில ஆசிரியர்கள். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் கதை இன்னும் சுவாரசியம். நகர நிர்வாகம் 2018-இல் கொண்டுவந்த பள்ளித் தளத்துக்கு 100 கோடி குரோனருக்கு மேல் செலவானது. குழந்தைக்கு நாளை விளையாட்டு வகுப்பு உண்டா என்று பார்க்க முடியாமல் அலுத்துப்போன பெற்றோரில் சில புரோகிராமர்கள், அதே தகவலை எளிமையாகக் காட்டும் ஒரு செயலியைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். நகர நிர்வாகம் அதைத் தடுக்கப் பார்த்தது, போலீஸ்வரை போனது. குற்றம் எதுவும் இல்லை என்றானது. இவர்கள் யாரும் கூடுதல் வசதி கேட்கவில்லை. இருப்பதில் நாளைக்கு வேண்டியது எது என்று கண்ணில் பட வேண்டும், அவ்வளவே கேட்டார்கள்.

2020-இல் கட்டளையே தேவைப்படவில்லை. யுனெஸ்கோ கணக்குப்படி உச்சத்தில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 160 கோடி மாணவர்களின் வகுப்பறைகள் மூடிக்கிடந்தன. தளம் தவிர வேறு வாசல் இல்லை. அந்தக் காலத்தைப் பற்றி எல்லோரும் நிறைய எழுதிவிட்டார்கள், நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்போது விதிவிலக்குதான் விதியாக இருந்தது. யாரும் கெடு பார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்தாலும் வாங்கினோம், போனில் வாயால் சொன்னாலும் மதிப்பெண் போட்டோம். தளத்தில் அவற்றை ஏற்றும்போது எல்லாம் 'ஆசிரியரால் உள்ளிடப்பட்டது' என்று வரிசையாக நின்றன. பள்ளி திறந்ததும் அந்தத் தாராளம் முதலில் காணாமல் போனது. தளங்கள் மட்டும் தங்கிவிட்டன.

தங்கும் என்றும் சொல்ல முடியாது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் கணக்கு வைத்திருந்த எட்மோடோ என்ற தளம் 2022 செப்டம்பர் 22 அன்று மூடப்பட்டது. அதில் ஆண்டுக்கணக்காகக் கேள்விகளையும் பாடங்களையும் சேர்த்து வைத்திருந்த ஆசிரியர்கள் கெடுவுக்குள் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த முறை தாமதமானால் சிவப்பு எழுத்துகூட இல்லை. பள்ளி நிர்வாகம் ஒப்பந்தத்தை மாற்றினாலும் இதே கதைதான். புதிய தளத்துக்குப் பழைய பாடங்கள் 'முழுமையாக' வந்துவிடும் என்பார்கள். தலைப்புகள் வரும், கோப்புகள் வரும், கேள்விகளில் படங்கள் உடைந்து வரும், போன ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் எழுதிய குறிப்புரைகள் ஒன்றும் வராது. அதனால் என் கேள்விகளை எல்லாம் இப்போது வெறும் எழுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். கேள்வி ஒரு வரி, விடைகள் ஒவ்வொன்றும் ஒரு வரி, கடைசி வரியில் சரியான விடையின் எழுத்து. எய்க்கென் என்று இந்த வடிவத்துக்குப் பெயர். மூடுல் இதை அப்படியே வாங்கிக்கொள்ளும், மற்றவற்றில் சிறு மாற்றத்தோடு போகும். எதுவும் வாங்காவிட்டால் அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடலாம். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் கேட்டால் நான் தரும் ஒரே தொழில்நுட்ப ஆலோசனை இதுதான்.

இப்போது எங்கள் பள்ளியில் மறுபடி தளம் மாற்றும் காலம். விற்க வருபவர்களின் செயல்விளக்கத்துக்கு ஆசிரியர்களையும் கூப்பிடுகிறார்கள், அது முன்னேற்றம். எல்லா விளக்கத்திலும் ஒரு மாதிரி வகுப்பு இருக்கும். மாணவர் 1, மாணவர் 2 என்று பெயர்கள். யாருக்கும் பாஸ்வேர்டு மறப்பதில்லை, படம் தலைகீழாக வருவதில்லை. நான் ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன்: "இந்த வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்கு நான்கு நாள் கூடுதலாகக் கொடுங்கள், மற்றவர்களுக்குத் தெரியாமல்."

கடைசியாக வந்த இளைஞர் "நல்ல கேள்வி மேடம்" என்றார். மெனு மெனுவாகத் திறந்தார். ஓரிடத்தில் கிடைத்தது, முகம் மலர்ந்தது. மாணவர் 7-ஐத் தேர்ந்தெடுத்தார், தேதியை மாற்றினார், சேமித்தார். பெற்றோர் பக்கத்தைக் காட்டுவதற்காக மேசையில் வைத்திருந்த அவருடைய கைபேசி டிங் என்றது. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். அது மாணவர் 12-இன் கணக்கு. 'கெடு தேதி மாற்றப்பட்டுள்ளது: மாணவர் 7' என்று வந்திருந்தது.

"அது செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிக்கலாம் மேடம்" என்றார்.

எங்கே என்று கேட்டேன். அலுவலகத்தில் விசாரித்துச் சொல்வதாகக் குறித்துக்கொண்டு போனார். பிறகு நிர்வாகம் அதைத்தான் வாங்கியது. புள்ளிவிவரப் பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது.